தாத்தாவின் கத்தியைத் தொடுவதற்கு முன்

வானொலியில் வேலை செய்பவனுக்கு முகம் எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். காலை 6 மணி நிகழ்ச்சிக்காக நான் 4 மணிக்கே எழுந்துவிடுவேன். தாடியோடு போய் உட்கார்ந்தாலும் நேயர்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் ஒருநாள்கூடச் சவரம் செய்யாமல் ஒலிவாங்கி முன் அமர்ந்ததில்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததும் இல்லை. போன தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்தார்.

உள்ளே ஒரு கொம்புச் சீப்பு, பழைய ரசீதுகள், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு மடக்குச் சவரக்கத்தி.

"உங்க தாத்தாவோடது. அப்பா கண்ணுல படாம வச்சுக்க" என்றார் அம்மா.

தாத்தா கிள்ளானில் இரண்டு நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே அந்தக் கடை மூடப்பட்டுவிட்டது. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். தாத்தா என்ன வேலை செய்தார் என்று அப்பாவிடம் கேட்டேன். "வியாபாரம்னு எழுது" என்றார். அப்படியே எழுதினேன். காரணம் வளர்ந்த பிறகுதான் புரிந்தது. ஒரு தொழிலின் பெயரையே வசைச்சொல்லாக வைத்திருப்பவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அப்பா அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவர்.

கத்தியின் காம்பில் மங்கலாக 'சோலிங்கன்', 'ஜெர்மனி' என்ற எழுத்துகள் தெரிந்தன. முதுகில் இரண்டு துருப்புள்ளிகள். வாயில் கடுகளவு ஒடிசல். இதைத் தீட்டி, இதனாலேயே ஒருநாள் சவரம் செய்ய வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

தாத்தாவிடம் தொழில் பழகிய ஒருவர் இன்னும் கிள்ளானில் இருக்கிறார். நான் அவரைப் பெரியப்பா என்று அழைப்பேன். கத்தியைக் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல இரும்பு. திரும்ப உயிர் வரும். ஆனா இத வச்சுப் பழகாத தம்பி. வேற ஒன்னு வாங்கு. அதக் கெடுத்துட்டு வா. அப்புறம் இதத் தொடலாம்."

சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படுத்திருக்க வேண்டும். சமையல் கத்தியைப்போல் கோணத்தை நம் கை பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கத்தியின் முதுகே அந்தக் கோணத்தைத் தருகிறது. அதனால் நாம் தவறாக அழுத்தினால் வாய் மட்டுமல்ல, முதுகும் கோணலாகத் தேயும். தேய்ந்த எஃகு திரும்ப வராது. பெரியப்பா சொன்னதன் பொருள் அதுதான்.

சரி, பழகுவதற்கு ஒரு பழைய கத்தி வாங்குவோம் என்று கிளம்பினேன். முதலில் ஏமாந்தேன். இணையத்தில் படத்தைப் பார்த்து, 180 ரிங்கிட் கொடுத்து, ஓர் அங்குல அகலத்தில் கோடாரிபோல் கனத்த கத்தி ஒன்றை வரவழைத்தேன். விற்றவர் கண்ணாடிபோல் பளபளக்கத் தேய்த்து அனுப்பியிருந்தார். பெரியப்பா அதை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் படுக்க வைத்து, சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கத்தியின் நடுவில் கண்ணாடிக்கும் வாய்க்கும் இடையே பிறை வடிவில் வெளிச்சம் தெரிந்தது. முன்பு யாரோ நடுப்பகுதியையே அழுத்தி அழுத்தித் தீட்டியதில் வாய் உள்வாங்கிப் போயிருந்தது. கல்லில் வைத்தால் இரு முனைகள் மட்டுமே தொடும், நடுப்பகுதி தொடாது. "பளபளப்புக்குத் தானா காசு குடுத்த?" என்று கேட்டார்.

அன்று அவர் சொல்லிக் கொடுத்தவற்றோடு நானும் படித்துச் சேர்த்துக்கொண்டதை, உங்களில் யாருக்காவது இப்படி ஓர் ஆசை இருந்தால் உதவுமே என்று எழுதுகிறேன்.

முதலில் அகலம். இந்தக் கத்திகளின் அகலத்தை அங்குலத்தின் எட்டுப் பங்குகளில் சொல்வார்கள். பழகுபவருக்கு எட்டில் ஐந்து அல்லது ஆறு பங்கு, அதாவது ஏறக்குறைய 16 முதல் 19 மில்லிமீட்டர் போதும்.

அடுத்தது வயிறு. கத்தியின் இரு பக்கங்களையும் எவ்வளவு குழிவாகச் சாணை பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். குழிவே இல்லாத ஆப்பு வடிவக் கத்தியில் நிறைய எஃகைத் தேய்த்தாக வேண்டும். முழுக்கக் குழிந்தது தாள்போல் மெல்லியது. கொஞ்சம் அழுத்தினாலே வளைந்து கொடுத்து, நம்மை ஏமாற்றிவிடும். நடுத்தரக் குழிவு தொடக்கக்காரரின் கையை மன்னிக்கும்.

வாய் நேராக இருப்பது நல்லது. வெளிப்பக்கம் மெல்ல வளைந்த வாய் குற்றமல்ல. ஆனால் அதைத் தீட்டக் கையைச் சுழற்றத் தெரிந்திருக்க வேண்டும். உள்வாங்கிய வாய் வேண்டவே வேண்டாம். முதுகில் தேய்ந்த தடம் இரு பக்கமும் ஒரே அகலத்தில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் நூலாகவும் மறுபக்கம் நாடாவாகவும் இருந்தால், கத்தி வளைந்திருக்கலாம், அல்லது தீட்டியவர் கை கோணலாக இருந்திருக்கலாம்.

துருவுக்குப் பயப்பட வேண்டாம். முதுகிலோ காம்பிலோ இருக்கும் துரு கல்லைத் தொடாதவரை கவலையில்லை. வாயோரம் குழிகுழியாக அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். தீட்டத் தீட்டக் குழிகள் ஒவ்வொன்றாக வாய்க்கு வரும். மயிரிழை விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கடைசியாகப் பெயர். ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு என்ற இரண்டு ஊர்களும் கத்திக்குப் பேர்போனவை. சோலிங்கன் என்ற பெயரைப் பாதுகாக்கவே 1938இல் ஜெர்மனியில் தனிச் சட்டம் வந்தது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890இல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. அதனால் காம்பில் நாட்டின் பெயர் இருந்தால், பெரும்பாலும் அதற்குப் பிந்தைய கத்தி என்று கொள்ளலாம். ஆனால் ஊர்ப்பெயர் எவ்வளவு பெரிதானாலும் விரிசலை மறைக்காது.

இந்த முறை ஒரு சிறு கண்ணாடித் துண்டையும் பூதக்கண்ணாடியையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தைக்குப் போனேன். மூன்றாவது வாரம்தான் சரியான ஒன்று கிடைத்தது. பிடி விரிந்து, துருப்பிடித்து, யாரும் சீண்டாமல் கிடந்தது. ஆனால் கண்ணாடியில் வைத்தபோது வெளிச்சம் எங்கும் கசியவில்லை. 60 ரிங்கிட்.

பிறகுதான் உண்மையான பாடம் தொடங்கியது. முதலில் கல்லையே மட்டமாக்க வேண்டும். பிறகு 1000 எண் கல். கத்தியின் வாயோரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி, நான்கைந்து முறை தள்ளிப் பார்க்க வேண்டும். மை அழிந்த இடம் கல்லைத் தொடுகிறது, அழியாத இடம் தொடவில்லை. இந்த எளிய சோதனை என் கர்வத்தைப் பலமுறை துடைத்தது. வாயின் இருபக்கச் சரிவுகளும் முழு நீளத்துக்கும் சந்தித்த பிறகே 4000, 8000, 12000 எண் கற்களுக்குப் போகலாம். அவசரப்பட்டு மேலே போனால் மழுங்கலையே மெருகேற்றிக்கொண்டிருப்போம். நான் இரண்டு மாதம் அதைத்தான் செய்தேன்.

எனக்குக் கைகொடுத்தது காது. தலைப்பேசி மாட்டிக்கொண்டு குரலின் பிசிறுகளைக் கேட்டே பழகியவன் நான். கல்லில் கத்தி ஓடும் சத்தம் தொடக்கத்தில் கரகரவென்று இருந்தது. சரிவு அமைந்ததும் அது ஒரே சீரான, தாழ்ந்த ஓசையாக மாறியது. கத்தி கல்லோடு ஒட்டிக்கொள்வதுபோல் இருந்தது. அந்த மாற்றத்தைச் சொன்னபோது பெரியப்பா முதன்முறையாகச் சிரித்தார். "உங்க தாத்தாவும் பார்க்க மாட்டாரு. கேட்பாரு" என்றார்.

மூன்றாவது முயற்சியில் சவரம் ஓரளவு சரியாக வந்தது. முதல் இரண்டு முறையும் இழுத்தது. தாடைக்கடியில் இன்னும் ஒரு கீறல் இருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் ஒரே இரவில் துரு ஏறிவிடும் என்பதால், துடைத்து உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் கதவுக் கொக்கியில் தோல்வாரை மாட்டிக் கத்தியை இழுத்துக்கொண்டிருந்தேன். அப்பா வருவதைக் கவனிக்கவில்லை. மறைக்க நேரமும் இல்லை. சற்று நேரம் பின்னால் நின்று பார்த்தார்.

"தூக்கித் திருப்பாத. வாய் மழுங்கிரும். முதுகு மேலயே உருட்டு."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். கத்தியைக் கொடுத்தேன். இடக்கையால் வாரை இழுத்துப் பிடித்து, முதுகு முன்னால் போக, ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே. கோடியில் கத்தி முதுகின்மேல் புரண்டு திரும்பியது. ஒருமுறைகூட வாரைவிட்டு எழும்பவில்லை. 68 வயதுக் கை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தொடாத வேலை.

"எட்டு வயசுல இருந்து பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குத்தான் போவேன். வார் புடிக்கிறது என் வேலை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

தாத்தாவின் கத்தி என்னிடம் இருப்பதைச் சொன்னேன். தலையசைத்தார். அம்மா எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். "இன்னும் கொஞ்ச நாள் இதுலயே பழகு. அதுக்கு அவசரம் இல்ல" என்றார்.

அடுத்த வாரம் எங்கள் காலை நிகழ்ச்சியில் தாத்தா, பாட்டிகள் செய்த தொழிலைப் பற்றி நேயர்களோடு பேசப்போகிறோம். நேயர்களைக் கேட்பதற்கு முன் நான் என்னுடையதைச் சொல்ல வேண்டும். அதனால் அப்பாவிடமே கேட்டேன்.

"வியாபாரம்னு சொல்லவாப்பா?"

அவர் வாரைக் கொக்கியிலிருந்து கழற்றி மெதுவாகச் சுருட்டினார்.

"முடிவெட்டுறவருன்னு சொல்லு. கிள்ளான்ல ரெண்டு நாற்காலி போட்டு சொந்தக் கடை. அதையும் சேத்துச் சொல்லு."