லா க்ரோஸ்: பேர் பிரெஞ்சு, ஆட்டம் யாருடையது?

போன தடவை நம் ஊர் பெத்தாங்க் ஆட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவையும் பிரெஞ்சுப் பேர் வைத்த ஒரு ஆட்டம்தான். ஆனால் இதைப் புதுச்சேரியில் யாரும் ஆடிப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

என் மகள் இருப்பது நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் என்ற ஊர். நியூயார்க் என்றதும் வானளாவும் கட்டடங்களை நினைக்காதீர்கள். அங்கிருந்து நாலைந்து மணி நேரம் காரில் வடக்கே போக வேண்டும். ஏப்ரலிலும் பனி கொட்டும். பேரன் ஒரு சனிக்கிழமை, "தாத்தா, லக்ராஸ் பார்க்கப் போலாமா?" என்று கூப்பிட்டான். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குக் கூரை போட்ட பெரிய அரங்கம் உண்டு. அங்கே போய் உட்கார்ந்தேன். பையன்கள் ஆளுக்கொரு கம்பு வைத்திருந்தார்கள். கம்பு நுனியில் சின்ன வலை. அதில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடுகிறார்கள், வீசுகிறார்கள், பிடிக்கிறார்கள். ஒருவர் கம்பை ஒருவர் அடிக்கவும் செய்கிறார்கள்.

எனக்கு ஆட்டத்தைவிட அந்தப் பேர்தான் முதலில் பிடிபட்டது. 'லா க்ரோஸ்'. பிரெஞ்சில் படித்தவர்களுக்குத் தெரியும், க்ரோஸ் என்றால் நுனி வளைந்த கோல். சம்பா கோயிலில் பேராயர் கையில் பிடித்து வருவாரே, அதற்கும் க்ரோஸ்தான் பேர். துப்பாக்கியின் அடிக்கட்டைக்கும் அதே வார்த்தை. அமெரிக்கப் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கு இந்தப் பேர் எப்படி வந்தது? வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

ஆட்டம் அங்கே இருந்த பூர்வகுடிகளுடையது. வெள்ளைக்காரர்கள் கப்பலில் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஆடி வந்திருக்கிறார்கள். ழான் தெ ப்ரெபெஃப் என்ற பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார் 1630களில் கனடாவில் ஹ்யூரோன் மக்களிடையே இருந்தபோது, நோயாளி குணமாக வேண்டி ஊரே கூடி இதை ஆடுவதைக் குறித்து வைத்தார். அவர்கள் மொழியில் அதற்குப் பேர் இருந்தது. எழுதியவர் பிரெஞ்சுக்காரர் என்பதால் பிரெஞ்சுப் பேரே காகிதத்தில் ஏறியது. காகிதத்தில் ஏறியதுதான் நிலைக்கும். நாற்பது வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான், எனக்கு இது தெரியாதா?

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தள்ளியது தெரிந்த கதை. 1763இல் பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரான்ஸ் கனடாவை ஆங்கிலேயருக்கு விட்டுக் கொடுத்தது. புதுச்சேரி பிரான்ஸுக்குத் திரும்பி வந்தது. ஒரே காகிதம்தான். அதனால்தான் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். அங்கே பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் லா க்ரோஸ் என்ற பேர் மட்டும் தங்கிவிட்டது. அந்த ஒப்பந்தத்தைப் போட்டவர்கள் அங்கிருந்த பூர்வகுடிகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே 1763 ஜூனில், மிஷிலிமாக்கினாக் என்ற கோட்டைக்கு வெளியே ஒஜிப்வே ஆட்கள் இந்த ஆட்டத்தை ஆடுவது போல ஆடி, பந்து கோட்டைப் பக்கம் போனதும் பின்னாலேயே ஓடிக் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

பிறகு 1867இல் மான்ட்ரியல் பல் வைத்தியர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் இதற்கு விதிகள் எழுதினார். கிளப்புகள் வந்தன. கொஞ்ச நாளில், பணம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் என்று காரணம் சொல்லி, ஆட்டத்துக்குச் சொந்தக்காரர்களையே அமெச்சூர் போட்டிகளிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள்.

இனி சிராக்யூஸ் அணிக்கு வருகிறேன். அது தொடங்கியது 1916இல். லாரி காக்ஸ் என்ற பேராசிரியர் ஆரம்பித்தார். 1930 வரை அவர்தான் பயிற்சியாளர். அவரிடம் ஆடிய ராய் சிம்மன்ஸ் 1931இல் பொறுப்பேற்று 1970 வரை இருந்தார். அடுத்து அவர் மகன், அவர் பேரும் ராய் சிம்மன்ஸ்தான், 1998 வரை. பிறகு மகனிடம் ஆடிய ஜான் டெஸ்கோ 2021 வரை. நூறு வருஷத்துக்கு மேல் நான்கே நான்கு பேர்! நம் ஊரில் ஒரு அலுவலகத்தில் ஒரே வருஷத்தில் நான்கு அதிகாரிகள் மாறியதைப் பார்த்தவன் நான். இப்போது இருக்கும் ஐந்தாமவர் கேரி கெய்ட்டும் அதே அணியில் ஆடியவர்தான். நாதஸ்வரக் குடும்பங்களில் வித்தை கைமாறுவது போல இருக்கிறது.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கம் 10 பேர், அதில் ஒருவர் கோல் காப்பவர். 15 நிமிஷமாக நான்கு பாகம். கோல் கூண்டு ஆறடிக்கு ஆறடி. அது மைதானத்தின் விளிம்பில் இல்லாமல் உள்ளே தள்ளி நிற்கும். அதனால் அதன் பின்னாலும் போய் ஆடலாம். பந்து கெட்டி ரப்பர், பட்டால் வீங்கிவிடும்.

1957 அணியைப் பற்றி அங்கே இன்னும் பேசுகிறார்கள். பத்து ஆட்டம், பத்திலும் வெற்றி. அந்த அணியில் ஜிம் பிரவுன் என்ற கறுப்பினத்தவர் இருந்தார். பின்னாளில் அமெரிக்கக் கால்பந்தில் பெரும் புகழ் பெற்றவர். அந்தப் பத்து ஆட்டத்தில் அவர் அடித்த கோல் 43. கோல் காத்தவர் ஒனோன்டாகா பூர்வகுடியைச் சேர்ந்த ஓரன் லயன்ஸ். கூட ஆடியவர்களில் பயிற்சியாளரின் மகன் சிம்மன்ஸும் உண்டு. இப்படி மூன்று பேர் ஒரே சட்டை போட்டு நின்றிருக்கிறார்கள். ஆனாலும் அந்த வருஷப் பட்டம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

பட்டத்துக்கான தேசியத் தொடர் 1971இல் தொடங்கியது. சின்ன சிம்மன்ஸ் அதைப் பிடிக்க 12 வருஷம் ஆயிற்று. அவர் ஒரு சிற்பி, ஓவியர் என்பதையும் சொல்ல வேண்டும். 1983 இறுதி ஆட்டத்தில் எதிரி அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ். மூன்றாம் பாகத்தில் 12-5 என்று சிராக்யூஸ் பின்தங்கி இருந்தது. முடியும்போது 17-16, சிராக்யூஸ் ஜெயித்தது. அன்று முதல் 2004 வரை, தொடர்ந்து 22 வருஷம், கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தார்கள்.

அந்த 22 வருஷத்தில் கனடாவின் விக்டோரியா நகரத்து இரட்டையர்கள் கேரி கெய்ட், பால் கெய்ட் வந்தார்கள். 1988 அரையிறுதியில் கேரி, கோல் கூண்டுக்குப் பின்னாலிருந்து தாவி, அந்தரத்தில் இருந்தபடியே கம்பை மேல் கம்பிக்கு மேலாக நீட்டிப் பந்தை உள்ளே குத்தினார். ஒரு தடவை அல்ல, அதே ஆட்டத்தில் இரண்டு தடவை. பேரன் வீடியோ போட்டுக் காட்டினான். கோல் காப்பவர் என்ன நடந்தது என்று தெரியாமல் நிற்கிறார். பிறகு பவல் சகோதரர்கள் மூவர் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கேஸி, ரயான் இருவரும் ஆளுக்கு 287 புள்ளியில் சரிசமமாக நிற்க, கடைக்குட்டி மைக் 307க்குப் போய்விட்டார். மூவரும் போட்டது 22ஆம் எண் சட்டை. அதற்கு முன் அதைப் போட்டவர்களில் கேரி கெய்ட்டும் ஒருவர்.

இனி, என்னைத் தூங்கவிடாத விஷயம். 1988, 1989, 1990 என்று மூன்று வருஷம் தொடர்ந்து பட்டம் வென்றார்கள். அதில் 1990 அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஆனால் பயிற்சியாளரின் மனைவி பால் கெய்ட் கார் வாங்கிய கடனுக்கு உடன் கையெழுத்துப் போட்டிருந்தார் என்று பின்னால் தெரியவந்தது. மாணவ ஆட்டக்காரருக்கு அப்படி உதவுவது விதிப்படி தவறு. பட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஏட்டில் அந்த இடம் காலி. அதனால்தான் சிராக்யூஸ் ஜெயித்தது 11 என்று ஊர்க்காரர்கள் சொல்ல, ஏடு 10 என்கிறது.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். விதி என்றால் விதிதான் என்று சொல்லிப் பழகியவன். ரத்து செய்தது சரி என்றே சொல்வேன். ஆனால் அரங்கத்தில் இருந்த ஆயிரக்கணக்கான பேர் பார்த்த ஆட்டம் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தாலும் அடியில் இருக்கும் எழுத்து தெரியத்தானே செய்கிறது.

இதைவிடப் பெரிய கதை ஓரன் லயன்ஸுடையது. சிராக்யூஸ் நகரத்துக்குத் தெற்கே சில மைலில் ஒனோன்டாகா மக்களின் பகுதி இருக்கிறது. பல்கலைக்கழகம் நிற்கும் இடமே அவர்களுடைய பூர்வீக மண். அவர்களோடு சேர்த்து ஆறு இனங்கள் கொண்ட கூட்டமைப்புக்கு ஹோடினோஷோனி என்று பேர். பிரெஞ்சுக்காரர் எழுதிவிட்டுப் போன பேர் ஈரோக்குவா. அவர்களுக்கு இது வெறும் விளையாட்டு இல்லை, படைத்தவனுக்காக ஆடுவது. ஹிக்கரி மரத்தை ஆவியில் வளைத்துக் கம்பு செய்வார்கள். ஆண் குழந்தை பிறந்தால் சின்னக் கம்பு கொடுப்பார்கள். இறந்தால் கம்போடு அடக்கம் செய்வதும் உண்டு.

ஓரன் லயன்ஸும் மற்றவர்களும் சேர்ந்து 1983இல் தங்கள் கூட்டமைப்புக்கென்றே ஒரு அணியை உண்டாக்கினார்கள். அமெரிக்கா, கனடாவோடு தனி நாடாக நின்று ஆடும் அணி. பாஸ்போர்ட்டும் சொந்தமாக அச்சடித்தது. 2010இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உலகப் போட்டி. அமெரிக்கா ஒரு தடவைக்கு மட்டும் அந்த பாஸ்போர்ட்டை ஒப்புக்கொண்டது. இங்கிலாந்து மறுத்துவிட்டது. அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்து வந்தால் போகலாம். அவர்கள் எடுக்கவில்லை. நியூயார்க்கிலேயே காத்திருந்துவிட்டு வீடு திரும்பினார்கள். அந்த ஆட்டத்தை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் இல்லாமலே உலகப் போட்டி நடந்து முடிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு 1962 ஞாபகம் வந்தது. ஆகஸ்ட் 16இல் நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சு தேசியம் வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இந்தியர். எங்கள் பெரியப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, இரண்டு தேசம். இரண்டு பேருக்கும் தேர்ந்தெடுக்க இரண்டு காகிதமாவது இருந்தது. ஹோடினோஷோனிகள் கேட்டது மூன்றாவது காகிதம். அதைத்தான் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

ஆனாலும் அவர்கள் விடவில்லை. 2006 முதல் தகுதியுள்ள ஹோடினோஷோனி மாணவர்களுக்கு சிராக்யூஸ் பல்கலைக்கழகம் முழு உதவித்தொகை தருகிறது. 2009 இறுதி ஆட்டத்தில் கார்னெல் பல்கலைக்கழகம் ஜெயிக்கப் போகிற நேரம், நான்கைந்து வினாடி மிச்சம் இருக்கையில் சிராக்யூஸ் கோல் போட்டுச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் ஜெயிக்கும் கோலை அடித்தவர் கோடி ஜேமிஸன், மோஹாக் இனத்துப் பையன். 2015இல் உள்ளரங்க உலகப் போட்டியை ஒனோன்டாகா மக்களே தங்கள் மண்ணில் நடத்தினார்கள். வந்த வெளிநாட்டு அணிகளின் பாஸ்போர்ட்டில் அவர்கள் தங்கள் முத்திரையைக் குத்தி அனுப்பினார்கள். முத்திரை குத்தியே காலம் கழித்த எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

2022 உலக விளையாட்டுப் போட்டியில் முதலில் இவர்கள் பேர் இல்லை. அயர்லாந்து அணி தன் இடத்தை விட்டுக் கொடுத்து இவர்களை உள்ளே அனுப்பியது. காகிதமும் விதியும் செய்யாததை மனிதர்கள் செய்தார்கள்.

2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் வருகிறது. 1904இல் செயின்ட் லூயிஸில் நடந்த ஒலிம்பிக்கில் மோஹாக் அணி ஒன்று மூன்றாம் இடம் பிடித்திருக்கிறது. இப்போதோ, தேசிய ஒலிம்பிக் குழு உள்ளவர்கள்தான் ஆடலாம் என்கிறது விதி. அவர்களை விடுவார்களா என்று பேரன் போனில் கேட்கிறான். "நீ பெரியவனாகி அந்த ஃபைலில் நல்லதாக ஒரு குறிப்பு எழுது" என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை, ஆண்டவன் ஆயுசு கொடுத்தால், டிவி முன்னால் உட்கார்ந்து யார் கொடி ஏறுகிறது என்று பார்க்கலாம்.