இருப்பும் கொடுப்பும்

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் என் தகப்பனார் எனக்கு வைத்துப் போனவை இரண்டு துண்டு நிலங்கள். ஒன்று மணல் கலந்த செம்மண். மற்றொன்று கரிய களிமண். செம்மண் துண்டை விற்றுவிடுவதென்று ஒரு வருஷம் தீர்மானித்தேன். மழை நின்று பத்து நாள் ஆவதற்குள் அதில் கம்புப் பயிர் தலை சாய்ந்துவிடும். "ஓட்டைப் பானையில் எத்தனை நாள் தண்ணீர் வார்ப்பது?" என்பது என் கட்சி.

ஆனால் அதே வருஷம் களிமண்ணும் என்னை ஏமாற்றிற்று. சில வாரங்களில் அங்கேயும் பயிர் வாடியது. மண்ணைத் தோண்டிப் பார்த்தால், உள்ளே ஈரம் இருந்தது! ஈரத்தில் நின்றுகொண்டே பயிர் தாகத்தால் சாவதென்றால், இது என்ன விந்தை?

பக்கத்து நிலத்துப் பெரியவர் சிரித்தார். "இருப்பு வேறு, கொடுப்பு வேறு, தம்பி! கருமி வீட்டுப் பெட்டியில் பணம் இல்லையா, என்ன?" என்றார்.

சாஸ்திரமும் அதையே சொல்கிறது. மண் துகள்களின் நடுவேயுள்ள சந்துகளில்தான் ஜலம் தங்குகிறது. மணலில் சந்துகள் பெரியவை. ஜலம் கீழே இறங்கிவிடுகிறது. களிமண்ணில் அவை மிக நுண்ணியவை. ஜலம் துகள்களைப் பற்றிக்கொள்கிறது. மண் உலர உலர அந்தப் பிடி இறுகுகிறது. காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் சுமார் 15 மடங்கு பலத்துடன் இழுக்க வேண்டிய நிலை வந்ததும், பெரும்பாலான பயிர்களின் வேர்கள் தோற்றுப்போகின்றன. மண்ணுக்கு மண் இந்த வாடும் எல்லை மாறுவதை அமெரிக்காவில் பிரிக்ஸ், ஷாண்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1912-ல் விரிவாக எழுதினார்கள்.

இதற்குப் பரிகாரம் என்ன? கல்வராயன் மலைக் காட்டில் நடந்தவர்கள் அதைக் காலால் மிதித்திருப்பார்கள். மரத்தடியில் மக்கிய சருகு பஞ்சுபோல் மழையைக் குடித்து, மெல்ல மெல்லக் கொடுக்கிறது. அந்த மக்குதான் மணலுக்குப் பிடிப்பு, களிமண்ணுக்கு நெகிழ்ச்சி.

நான் நிலத்தை விற்கவில்லை. செம்மண்ணில் ஏரி வண்டல் அடித்தேன். இரண்டு துண்டுக்கும் தழையும் தொழுவுரமும் இட்டேன். மூன்று வருஷத்துக்குப் பின், பயிர் வாடுவது நாலைந்து நாள் தள்ளிப் போயிற்று. அடுத்த மழைக்குக் காத்திருக்கும் பயிருக்கு அந்த நாலு நாள்தானே ஆயுள்!

கல்வராயன் மலையில் பெய்யும் மழையைத் தேக்க அடிவாரத்தில் கோமுகி அணையை 1965-ல் கட்டினார்கள். அது சர்க்கார் செய்யக்கூடிய காரியம். ஆனால் நம் காலடி மண்ணும் ஓர் அணைதான். அதைக் கட்ட வேண்டியவர்கள் நாமே அல்லவா?