விதைக்கு ஒரு அலுவலகம், மருந்துக்கு ஒரு அலுவலகம்

செயின்ட் லூயிஸ், மிசௌரி

மிசௌரி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையான பூட்ஹீலில் நெல் விளைகிறது என்று சொன்னால் காஞ்சிபுரம் ஓரிக்கையில் நம்புவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். மிசிசிப்பி ஆற்றங்கரை, வண்டல் மண், கண்ணுக்கு எட்டிய வரை ஒரே மட்டமாக வயல். நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது, குனிந்து களை பறிக்கும் பெண்கள் கிடையாது. விதைப்பது இயந்திரம், அறுப்பது இயந்திரம். களையைக் கவனிக்க மருந்து.

இந்த நெல்லுக்கு 2006 ஆகஸ்டில் ஒரு கெட்ட காலம் வந்தது. சந்தைக்குப் போகும் நீள அரிசியில் எல்.எல்.601 என்ற மரபணு மாற்ற நெல்லின் தடயம் இருப்பதாக அமெரிக்க வேளாண் அமைச்சர் மைக் ஜோஹன்ஸ் அறிவித்தார். அது பேயர் நிறுவனத்தின் நெல். குளூஃபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தாலும் பயிர் சாகாது, சுற்றியுள்ள களைதான் சாகும். 2001 வரை சோதனை வயல்களில் போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்ட ரகம். ஒரு மூட்டைகூட விதையாக விற்றதில்லை. பிறகு எப்படி ஊர் நெல்லில் கலந்தது? வேளாண் துறை ஓராண்டுக்கு மேல் விசாரித்தது. கலந்த வழி தெரியவில்லை என்று எழுதிக் கோப்பை மூடியது.

அதற்குள் ஜப்பான் அமெரிக்க நீள அரிசியை நிறுத்திவிட்டது. சோதனைச் சான்று இல்லாமல் சரக்கு இறங்கக் கூடாது என்றது ஐரோப்பா. விலை சரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு நவம்பரிலேயே இதே நெல்லுக்கு இனிக் கட்டுப்பாடு தேவையில்லை என்று அதே துறை கையெழுத்துப் போட்டது. விவசாயிகள் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஐந்து மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 11,000 நெல் விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் தருவதாக 2011-ல் நிறுவனம் ஒப்புக்கொண்டது. காவலுக்கு இருந்த துறை கைவிட்ட இடத்தில் நீதிமன்றம் கொஞ்சம் கைகொடுத்தது. வழக்கு நடத்தப் பணமும் ஐந்து ஆண்டுப் பொறுமையும் இருந்தவர்களுக்கு அது போதும். உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் நன்செய் வைத்திருப்பவருக்கு?

எல்.எல்.601 நெல்லைக் களைக்கொல்லியைத் தாங்க வைத்த மரபணுவின் பெயர் 'பார்'. இந்தியாவில் வழக்கு நடக்கும் கடுகு விவகாரத்திலும் இதே 'பார்' இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பெண்டல் குழு உருவாக்கிய டி.எம்.எச்.-11 என்ற கலப்பினக் கடுகு அது. நம் அடுப்பில் கடுகு தாளிப்போடு நின்றுவிடும், வடக்கே அதுதான் எண்ணெய். 2022 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அதை வயலுக்கு விடலாம் என்றது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது: விதை உற்பத்தி செய்பவர்கள் களைக்கொல்லி தெளித்துக்கொள்ளலாம், விவசாயி தன் வயலில் தெளிக்கக் கூடாது. ஆகவே இது களைக்கொல்லி தாங்கும் பயிர் என்ற கணக்கில் வராது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. மருந்தைத் தாங்கும் செடியைக் கையில் கொடுத்துவிட்டு மருந்தைத் தொடாதே என்று சொல்லும் விதியை எந்த வயலில், எந்த அதிகாரி நின்று காவல் காப்பார்?

2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு தீர்ப்புச் சொன்னார்கள். அனுமதி செல்லாது என்றார் பி.வி.நாகரத்னா, செல்லும் என்றார் சஞ்சய் கரோல். வழக்கு பெரிய அமர்வுக்குப் போனது. ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். மரபணு மாற்றப் பயிர்களுக்கு ஒரு தேசியக் கொள்கை வேண்டும், அதை விவசாயிகளையும் மாநிலங்களையும் கலந்து எழுத வேண்டும், நிபுணர்களுக்கு அதில் சொந்த லாபம் ஏதாவது இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இதற்கு முன்பே, இதே நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்ப நிபுணர் குழுவின் பெரும்பான்மை 2013-ல் ஒரு கருத்துச் சொல்லியிருந்தது: களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தாது, களை எடுத்துப் பிழைப்பவர்களின் வேலையையும் அவை பறிக்கும்.

இவ்வளவு வாதமும் கடுகைச் சுற்றி நடந்துகொண்டிருந்த 2024-லேயே, களைக்கொல்லி தாங்கும் நெல் விற்பனைக்கே வந்துவிட்டது.

பூசா பாசுமதி 1979, பூசா பாசுமதி 1985 என்று இரண்டு ரகங்கள். வெளியிட்டது டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். இமாசெதபைர் என்ற களைக்கொல்லியை இவை தாங்கும். இந்தக் குணத்தின் தாய்வீடு நம் கோயம்புத்தூர். நாகினா-22 என்ற பழைய நெல்லின் விதைகளை ரசாயனத்தில் நனைத்து, திடீர் மாற்றம் அடைந்த செடிகளைத் தேடியபோது, மருந்துக்குச் சாகாத ஒன்று அகப்பட்டது. அதைக் கண்டெடுத்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக நெல் விஞ்ஞானியின் பெயரால் 'ராபின்' என்றே அழைக்கிறார்கள். வெளியிலிருந்து மரபணு எதையும் நுழைக்கவில்லை. நெல்லின் சொந்த மரபணுதான் சற்று மாறியிருக்கிறது. எனவே மதிப்பீட்டுக் குழுவின் வாசலை மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை. சாதாரண ரகத்துக்கு உள்ள வழியில் வெளியே வந்துவிட்டது.

இந்த நெல்லின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நாற்று விட்டு, சேறு அடித்து, நட்டு, தண்ணீர் கட்டி வைப்பதே பாதி களைக்காகத்தான். தேங்கிய நீரில் களை முளைப்பது குறைவு. நேரடி விதைப்பில் தண்ணீர் மிச்சம், ஆனால் நெல்லோடு களையும் சேர்ந்து தலைதூக்கும். காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் புழுதியில் விதைத்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை என்று ஊரில் புலம்புவது பொய் இல்லை. ஒரு தெளிப்பில் வேலை முடியும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

பூட்ஹீலுக்குத் தெற்கே ஆர்கன்சாவிலும் லூசியானாவிலும் இந்த ஆசை 2002-லேயே வந்தது. அங்கே விற்ற கிளியர்ஃபீல்ட் நெல்லும் இதே வகைதான்: மரபணு நுழைக்காதது, இதே குடும்பத்துக் களைக்கொல்லியைத் தாங்குவது. அங்கே நெல்வயலின் பெரிய எதிரி சிவப்பரிசிக் களைநெல். அதுவும் நெல் இனம் என்பதால் சாதாரண மருந்துகளால் பயிரை விட்டுக் களையை மட்டும் கொல்ல முடியாமல் இருந்தது. கிளியர்ஃபீல்ட் வந்ததும் வயல் சுத்தமானது. ஆனால் நெல்லும் களைநெல்லும் நெருங்கிய உறவு. மகரந்தம் கொஞ்சமாவது மாறத்தானே செய்யும். சில ஆண்டுகளில் களைநெல்லுக்கே மருந்தைத் தாங்கும் குணம் வந்துவிட்டது. தொடர்ந்து அதே நெல்லைப் போடாதே, நடுவில் சோயாவுக்கு மாறு என்று விதை விற்றவர்களே சொல்ல வேண்டியதாயிற்று. உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல்லுக்குப் பின் நெல் போடும் நன்செயில் எந்த சோயாவுக்கு மாறுவது?

சோயா மட்டும் தப்பித்ததா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்க சோயா நிலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் களைக்கொல்லி தாங்கும் விதைதான். முதல் விதை 1996-ல் வந்தது, தாங்கிய மருந்து கிளைபோசேட். பத்தாண்டு ஆவதற்குள் ஜார்ஜியாவில் அந்த மருந்துக்கு அசையாத ஒரு களை தென்பட்டது. பெயர் பால்மர் அமராந்த். நம் முளைக்கீரைக்கும் தண்டுக்கீரைக்கும் பங்காளி. ஒரே செடி லட்சக்கணக்கில் விதை கொட்டும். கீரை வகை ஒன்று பல ஆயிரம் ஏக்கர் பண்ணைக்காரரை அழவைப்பதை நம்மூர் கீரைக்காரம்மாவிடம் சொன்னால் சிரிப்பார்.

கிளைபோசேட் தோற்றதும் டைகாம்பா என்ற பழைய மருந்தைத் தாங்கும் விதை வந்தது. இங்கேதான் அலுவலகங்களின் கூத்து. விதைக்கு அனுமதி தருவது வேளாண் துறை, மருந்துக்கு அனுமதி தருவது சுற்றுச்சூழல் முகமை. விதை முதலில் கடைக்கு வந்துவிட்டது, அதற்கென்று தயாரித்த மருந்துக்கு அனுமதி 2016 நவம்பரில்தான் கிடைத்தது. இடைப்பட்ட பருவத்தில் பலர் பழைய டைகாம்பாவையே அடித்தார்கள். அது காற்றில் ஆவியாகி நகரும். புது மருந்து வந்த பிறகும் நகர்வது நிற்கவில்லை. 2017-ல் மட்டும் சுமார் 36 லட்சம் ஏக்கர் சோயா பக்கத்து வயல் மருந்தால் சுருண்டதாக மிசௌரிப் பல்கலைக்கழகம் கணக்கிட்டது. பூட்ஹீலில் ஒரு பீச் தோட்டக்காரருக்கு 26.5 கோடி டாலர் தர வேண்டும் என்று 2020-ல் ஜூரி சொன்னது, பிறகு நீதிபதி பெருமளவு குறைத்தார். இந்த மருந்தின் அனுமதியை நீதிமன்றங்கள் 2020-லும் 2024-லும் ரத்து செய்தன.

இந்தியாவிலும் இதே பிரிவினைதான். விதையின் மரபணுவைப் பார்ப்பது சுற்றுச்சூழல் அமைச்சகத்துக் குழு, 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி. மருந்தைப் பதிவு செய்வது வேளாண் அமைச்சகத்தின் கீழ் வரும் பதிவுக் குழு, 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி. கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் தவிர யாரும் தெளிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. அந்த மருந்தைத் தாங்கும் பருத்தியோ, அனுமதியே இல்லாமல் 2017 வாக்கில் ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா, குஜராத் வயல்களில் பரவியிருந்தது. விண்ணப்பித்த நிறுவனம் 2016-லேயே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விதை மட்டும் ரசீது இல்லாமல் விற்றது. 2019 ஜூனில் அகோலா மாவட்டத்தில் ஷேத்கரி சங்கட்டனா விவசாயிகள் ஊரறிய அதை விதைத்துப் போராட்டமே நடத்தினார்கள்.

ஆக, ஒரு பயிர் முன்வாசலில் வழக்கில் நிற்கிறது. இன்னொன்று கொல்லைப்புறமாகப் போகிறது. மூன்றாவதுக்கு வாசலே வைக்கவில்லை. மூன்றும் வயலில் செய்யப்போவது ஒரே வேலை. விதை எந்த முறையில் பிறந்தது என்று சட்டம் கேட்கிறது. அது பக்கத்து வயலையும் களைநெல்லையும் கூலியையும் என்ன செய்யும் என்று கேட்பதில்லை. கனடாவில் வேறு வழக்கம் உண்டு: செடிக்குப் புதுக் குணம் வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. மரபணு நுழைத்து வந்ததா, ரசாயனத்தில் நனைத்து வந்ததா என்பது இரண்டாம் பட்சம். கிளியர்ஃபீல்ட் வகைப் பயிர்களும் அங்கே பரிசோதனைக்கு உட்பட்டவை. இந்திய விதியைத் திருத்த வேண்டிய இடம் இதுதான்.

குழுவில் யார் உட்கார்வது என்பதற்கு உத்திரமேரூர்க்காரர்கள் டெல்லியைப் பார்க்க வேண்டியதில்லை. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் ஊரிலேயே இருக்கின்றன. ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் குடவோலையில் ஆள் எடுத்தபோது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மட்டுமல்ல, அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் போடக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். நிபுணரின் சொந்த லாபம் பற்றி உச்ச நீதிமன்றம் 2024-ல் சொன்னது இதில் பாதிதான். அதற்காக அந்தச் சபையைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே அங்கே ஓலை. களை பறித்த பெண்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்ததில்லை. இன்றைய குழுவிலும் விழவில்லை.

ஓரிக்கை இப்போது காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. பாலாற்றைத் தாண்டினால் உத்திரமேரூர் ஒன்றியத்து ஊர்களில் கிராமசபை இருக்கிறது. மரபணு மாற்றப் பயிரை வயலில் சோதிக்க மாநில அரசின் தடையில்லாச் சான்று வேண்டும். களைக்கொல்லி தாங்கும் நெல்லுக்கு, அது எந்த முறையில் பிறந்திருந்தாலும், அந்தச் சான்று வேண்டும் என்று அடுத்த கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். தேசியக் கொள்கை எழுதும் குழுவில் களை எடுக்கும் பெண்களுக்கும் இடம் கேளுங்கள். தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் வேளாண் துறைக்கும் அனுப்பி, மறக்காமல் ரசீது வாங்கி வையுங்கள்.