மத்தியஸ்தர் நிற்குமிடம்

தமிழாசிரியனுக்கு ஊதல் எதற்கு என்று நண்பர் சிலர் நகைப்பதுண்டு. கூடைப்பந்தாட்டப் போட்டிகளிற் பல ஆண்டுகளாக மத்தியஸ்தம் வகித்துவரும் யான் கண்ட உண்மை ஒன்றுண்டு. ஆட்டத்தின் நீதி பெரிதும் சோதிக்கப்படுவது, பந்து கோட்டுக்கு வெளியே ஒருவன் கையில் நிற்கும் வேளையிலேதான்.

1891 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெயிஸ்மித் வகுத்த 13 விதிகளிலேயே, வெளியிலிருந்து பந்தை எறிபவனுக்கு 5 விநாடி அளிக்கப்பட்டது. அவ்வளவு இன்றும் மாறவில்லை. அச்சிறு பொழுதில் மத்தியஸ்தர் காணவேண்டியவை பல. எறிபவன் குறித்த இடத்தைவிட்டு 1 மீற்றருக்கு மேல் நகர்ந்தானா? பந்தை விடுமுன் ஆடுகளத்துட் கால் வைத்தானா? தடுப்பவன் கை கோட்டைக் கடந்ததா? கூடையருகே ஒருவரையொருவர் தள்ளுகின்றனரா?

இவற்றையெல்லாம் ஒருவர் கண்கள் காணமாட்டா. ஆதலால், பந்தைக் கையளித்த மத்தியஸ்தர் சற்றே விலகிப் பக்கவாட்டில் நிற்றல்வேண்டும். அங்கிருந்து எறிபவனும் தடுப்பவனும் அவ்விருவருக்கும் இடைப்பட்ட கோடும் ஒருங்கே தோன்றும். மற்றவர் எதிர்ப்புறத்தில் நிற்பின், ஆடுவோர் பத்துப்பேரும் இருவர் பார்வைக்குள்ளும் அடங்குவர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியின் இறுதிக் கணத்தில், மத்தியஸ்தர் எறிபவனின் முதுகுப்புறத்தே நின்றார். தடுப்பவன் கை கோட்டைக் கடந்து பந்தைத் தட்டிற்று, ஊதல் ஒலிக்கவில்லை. தோற்ற அணி மாணவன் ஒருவன் என்னிடம், “ஐயா, அவர் வேண்டுமென்று செய்யவில்லை. நின்ற இடத்திலிருந்து அவருக்குத் தெரிந்திராது” என்றான். அவன் பெருந்தன்மை என்னை மகிழ்வித்தது. ஆயினும், நம் பிள்ளைகளின் உழைப்பு பெரியவர் ஒருவரின் இரண்டடிச் சோம்பலால் வீணாகலாமோ?

இன்றைய சர்வதேச விதிப்படி, நான்காங் காற்பகுதியின் கடைசி 2 நிமிடங்களில், பந்தைக் கையளிக்குமுன் கோட்டைக் கடத்தலாகாதென்று தடுப்பவனுக்குச் சைகையால் எச்சரிக்கை செய்தல்வேண்டும். பிழை நேருமுன் தடுக்கும் இவ்விதி ஆசிரியர்க்கும் உகந்ததே.

ஊதலேந்த முன்வரும் பழைய மாணவர்க்கும், பார்க்க வரும் அன்பர்க்கும் ஒரு விண்ணப்பம். ஆடுகளத்தைச் சுற்றி 2 மீற்றர் இடம் விட்டு நில்லுங்கள். நெருக்கத்தில் மத்தியஸ்தர் விலகி நிற்க இடமேது? கரும்பலகையை விட்டகலாத ஆசிரியர் முன்வாங்கையே காண்பர். கடைவாங்குப் பிள்ளையையுங் காண விரும்புபவர் நடந்தே ஆகவேண்டும். நடுவுநிலைமை நெஞ்சில் இருந்தாற் போதாது, காலிலும் இருத்தல்வேண்டும்.