தோலுக்குள் ஓர் ஊசி

பிப்ரவரி 3, திங்கள்

கன்றுகளின் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் மழித்தாயிற்று. காலிப்பரில் தோல் மடிப்பு 7 மில்லிமீட்டர். டிஎன்ஏ பூசிய தங்கத் துகளை 1992இல் ஜீன் துப்பாக்கியால் எலியின் காதுத் தோலில் சுட்டார்கள். எலியில் எல்லாம் பலிக்கும். மாட்டுக்கு வந்ததும் அதே டிஎன்ஏ தடுப்பூசி, அதாவது புரதத்துக்குப் பதில் அதன் மரபணுவைச் செலுத்தும் ஊசி, சோடை போகிறது.

கொட்டில் பார்க்கும் அண்ணன் விடவில்லை. "ஏன் டாக்டரம்மா, தோல்லயே போட்டா எப்படி? சதையில எறக்குனாத்தானே மருந்து ஏறும்?"

தசைச் செல் புரதத்தைத் தயாரித்துத் தரும். ஆனால் நோயை எதிர்க்கும் டி செல்களுக்கு அதைச் சரியாக எடுத்துக்காட்டத் தசைச் செல்லுக்குத் தெரியாது. அந்த வேலைக்கென்றே தோலில் டென்ட்ரிட்டிக் செல்கள் உண்டு. புரதத்தைத் துண்டாக்கி, நிணநீர்க் கணுவரை சுமந்துபோய்க் காட்டுபவை அவை. "வாசல்லயே காவலாள் இருக்கான்ணே" என்றேன்.

"அம்மாம் பெரிய ஒடம்புக்கு ஒண்ணு ரெண்டு ஆளு போதுமா?"

என் ஆய்வுத் தலைப்பையே கேட்டுவிட்டார்.

பிப்ரவரி 4

காவலாள் சேர்க்கும் ஊசி. டென்ட்ரிட்டிக் செல்களை வரவழைக்கும் எஃப்எல்டி3எல், ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற மாட்டுப் புரதங்களின் மரபணுக்கள் மட்டும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வைத்தாகா முவாங்கி குழு 2002இல் மாட்டில் காட்டிய வழி இது. ஊசியைச் சாய்த்து, நுனி மட்டும் நுழைய வேண்டும். தோல் சட்டென்று புடைத்தால் சரி; புடைக்காவிட்டால் மருந்து அடியில் நழுவிவிட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஊசி போட்ட இடத்தில் தோல் துணுக்கு எடுத்துச் சாயமேற்றினோம். அந்த மரபணுக்கள் ஏற்றாத வெறும் பிளாஸ்மிட் (டிஎன்ஏ வளையம்) போட்ட இடத்தில் டென்ட்ரிட்டிக் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றும். மற்றதில் ரத்தக் குழாய்களைச் சுற்றி மொய்த்துக் கிடக்கின்றன, கிளைகளை விரித்துக்கொண்டு. 1868இல் லாங்கர்ஹான்ஸ் மனிதத் தோலில் இப்படிப்பட்டவற்றைப் பார்த்து நரம்புச் செல் என்று நினைத்ததில் வியப்பில்லை.

ஆள் கூடிவிட்டதால், அதே இடத்தில் கோமாரி வைரஸின் உறைப் புரத மரபணுவைப் போட்டோம்.

பிப்ரவரி 27, வியாழன்

டி செல்கள் நன்றாகவே கிளம்பியிருக்கின்றன. ஆன்டிபாடிதான் மந்தம். கோமாரிக்கு அது இல்லாமல் ஆகாது.

அளவைக் கூட்டலாம் என்கிறார் வழிகாட்டி. எனக்கு உடன்பாடில்லை. டிஎன்ஏ வெப்பம் தாங்கும், ஐஸ் பெட்டியைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஆனால் மாட்டுக்கு மாடு மில்லிகிராம் கணக்கில் போட்டால் விலை எங்கே கட்டும்? மின்துடிப்பு கொடுத்துச் செல்லுக்குள் ஏற்றிப் பார்க்கலாம் என்றேன். கன்று துள்ளுமே என்றார். கழுத்தைப் பிடிக்க அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன், அளவு பாதிதான்.