சொல்லிக்கொண்டு போவோம்

ஒருவர் வீட்டிலிருந்து புறப்படுங்கால் "போகிறேன்" என்று சொல்லுவது நம்மவரிடையே வழக்கமன்று; "போய் வருகிறேன்" என்றே சொல்லுவர். சொல்லாது புறப்பட்டவரைச் "சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்" என்று பல நாள் குறை கூறுவர். ஜாசினிலிருந்து மலாக்கா நகரத்துக்குச் சாமான் வாங்கப் போகிறவரிடத்தும் எதிர்பார்க்கப்படும் இம்மரியாதை, திரும்பி வராத அந்த ஒரே பிரயாணத்துக்கு மாத்திரம் நம்மிடையே இல்லை. சொல்ல வாயெடுத்தவரையும் "அச்சானியமாகப் பேசாதே" என்று அடக்கிவிடுகிறோம். அங்ஙனம் அடக்கிய குற்றத்தை நாமும் செய்தோம். அதனை மறைக்காது சொல்லிவிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில் கிராணியாக வேலை பார்த்து வருகிறோம். தோட்டத்து லயத்திற் பிறந்து, ஆங்கில வழியிற் கல்வி பயின்று, மீண்டும் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தவர்களுள் நாமும் ஒருவர். காலையிற் பிரட்டு முடிந்ததும் செக்ரோலை எடுத்துப் பெயர் பதிவது நம் தொழில். அந்தப் பேரேட்டிலிருந்து ஒரு பெயர் நீங்குவதற்கு மூன்று காரணங்களே பெரும்பாலும் உண்டு: வயதாகி ஓய்வு பெறுதல், வேறிடம் செல்லுதல், இறத்தல். மூன்றாவது காரணம் நேர்ந்த வீட்டார் முதலில் வந்து நிற்பது நம் மேசையருகிலேதான். போலீஸ் நிலையத்தில் தெரிவித்து அடக்கத்துக்கு அனுமதி பெறுவது, 7 நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவிற் பதிவு செய்வது, ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் விண்ணப்பம் எழுதுவது ஆகிய யாவும் நமக்கு மனப்பாடம். பிறர் வீட்டுச் சாவுக்கு ஆவன செய்வதில் நம்மைப்போலத் தேர்ந்தவர் அப்பக்கத்தில் இல்லை என்று ஒரு சிறு கர்வமும் நமக்கிருந்தது.

அக்கர்வம் நம் வீட்டு வாசலிலேயே உடைந்தது. நம் தந்தையார் ரப்பர் மரம் வெட்டிப் பின்னர்ச் செம்பனைக் குலை தள்ளி உழைத்தவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளிரவு நெஞ்சு வலிக்கிறது என்றார், விடியுமுன் இறந்தார். அவருக்கு அப்போது வயது 52. பொழுது புலர்வதற்குள் லயத்து வாசலிற் கொட்டகை எழுந்தது. தப்புச் சத்தமும் எழுந்தது. அவற்றோடு சண்டையும் எழுந்தது. தோட்டத்து இடுகாட்டிலே பாட்டியாரின் பக்கத்திற் புதைக்கவேண்டும் என்றார் பெரியப்பா. பட்டணத்துக்குக் கொண்டுபோய் எரிக்கவேண்டும் என்றார் அண்ணன். பணம் போடுகிறவர் அண்ணனாதலால் அவர் பேச்சே வென்றது. தேர் வேண்டும், மேளம் வேண்டும், தோள்கொடுக்க வந்தவர்களுக்குக் குடிவகை வேண்டும், பதினாறாம் நாளுக்கு ஊர் கூட்டிச் சோறு போடவேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல நாம் தலையசைத்துக்கொண்டிருந்தோம். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது வட்டிக்காரரிடத்திற் பட்ட கடன் 8,000 வெள்ளி. கணக்கு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நாம், அந்தக் கணக்கை முன்னதாக எழுதிப் பார்க்கவில்லை.

அதனினும் பெரிய தவறு ஒன்று பின்னர் வெளிப்பட்டது. தந்தையார் கலியாணத்துக்கு முன்னரே தம் சேமநிதிக்கு வாரிசாகத் தம் தாயாரின் பெயரைக் கொடுத்திருந்தார். பாட்டியார் இறந்து பல ஆண்டுகளாகியும் அப்பெயர் மாற்றப்படவேயில்லை. நியமிக்கப்பட்டவர் முந்தி இறந்துவிட்டால் அந்நியமனம் பயனற்றதாகிவிடும். ஆகவே, தாயாரின் கைக்கு வரவேண்டிய பணம் பத்திரம் பத்திரமாகத் தேடியலைந்த பின்னரே வந்தது. அந்தப் படிவத்தின் நகல் நம் அலுவலகத்து இரும்பலமாரியிலே, நம் நாற்காலிக்கு ஆறடி தூரத்திற் கிடந்தது. ஊரார் படிவங்களையெல்லாம் திருத்திக் கொடுத்த நாம், "அப்பா, உங்கள் படிவத்தில் யார் பெயர் இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டிலோம். கேட்டால், அவர் சாவை எதிர்பார்க்கிறோம் என்று எண்ணிவிடுவாரோ என்னும் அச்சமே காரணம்.

மூன்று மாதங் கழித்துத் தாயார் வேறொன்று சொன்னார். தந்தையார் எப்போதோ ஒருநாள் அவரிடம் தம் விருப்பத்தைச் சொல்லியிருந்தாராம். தம் தாயாரின் பக்கத்திலேயே தம்மை வைக்கவேண்டும்; தப்பு அடிக்கவேண்டாம்; குடித்தவன் எவனும் தம் பாடையைத் தொடவேண்டாம். அத்தனையும் நாம் செய்ததற்கு நேர்மாறு! "ஏனம்மா அன்றைக்கே சொல்லவில்லை?" என்று கேட்டோம். "என்னை யார் கேட்டீங்க?" என்றார். அது முற்றும் உண்மை. ஆண்கள் வாசலில் நின்று வழக்காடினார்கள். பெண்கள் உள்ளே பிணத்தைச் சுற்றியிருந்து அழுதார்கள். முப்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவரை ஒரு மூலையில் உட்காரவைத்து, வளையலை உடைப்பதற்கு மாத்திரமே எழுப்பினோம். ஆகவே, சாகிறவர் சொல்லாமற் போவது ஒரு குறையென்றால், சொன்னதைக் கேட்டிருப்பவரின் வாயை அடைப்பது அதனினும் பெருங்குறை என்பதை அன்றைக்கு உணர்ந்தோம்.

நிற்க, சாவைப் பற்றிப் பேசுவது தமிழர் மரபுக்கு ஒவ்வாது என்பார் உளர். அன்னார் புறநானூற்றைப் புரட்டிப் பார்ப்பாராக. உறையூர்க் கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு மூண்ட பகையால் மனம் வெறுத்து வடக்கிருந்து உயிர்துறக்கத் துணிந்தபோது, காணாமலே நட்புக்கொண்ட பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் வருவாரென்றும், அவருக்குத் தன் பக்கத்தில் இடம் வைக்கவேண்டுமென்றும் முன்னதாகவே சொல்லிவைத்தான். உடன் உயிர்விட வந்த பொத்தியாரை, மனைவி மகப்பெற்ற பின்னர் வருக என்று திருப்பியனுப்பினான். பிசிராந்தையார் சொன்னபடி வந்தார். பொத்தியாரும் பின்னர் வந்தார். அவ்வாறு உயிர்துறப்பதை நாம் புகழவில்லை. தன் முடிவைப் பற்றி நாக்கூசாது பேசிய தெளிவையும், கேட்டவர்கள் அதனை அமங்கலமென்று தள்ளாது நிறைவேற்றிய பண்பையுமே புகழ்கிறோம். திருக்குறளில் நிலையாமைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. இவற்றையெல்லாம் பெருமையோடு பேசுகிற நாம், வீட்டிலே ஒரு கிழவி தன் சாவைப் பற்றிப் பேசினால் வாயைக் கழுவச் சொல்லுகிறோம்!

அயலாரையும் பார்ப்போம். மலாக்கா நகரத்துப் புக்கிட் சீனாவில் ஆயிரக்கணக்கான சீனர் கல்லறைகள் இருக்கின்றன. 1984ஆம் ஆண்டில் அக்குன்றை மாற்றியமைக்க யோசனை பிறந்தபோது சீன மக்கள் திரண்டெழுந்து தடுத்தனர். குன்று இன்றும் நிற்கின்றது. உயிரோடிருக்கும்போதே தமக்கென இடமும் பெட்டியும் வாங்கிவைப்பது அவர்களுள் முதியோர் பலர்க்கு வெட்கமன்று. பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரம். காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள் தமிழ்ப் பேச்சை இழந்து பல தலைமுறைகள் ஆயினும், பார்ச்சு என்று சொல்லி முன்னோருக்குப் படையலிடும் வழக்கத்தை இழந்திலர். செத்தாரை நினைக்கத் தெரிந்த சமூகமே சாவைப் பற்றிப் பேசவும் தெரிந்த சமூகம்.

தோட்டத்துத் தமிழர்க்கு இது மேலும் அவசியம். இந்நாட்டில் வாணிபத்துக்கென முதன்முதலில் ரப்பர் பயிரிடப்பட்டது நம் மலாக்காவிலேதான். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கிலே தொடங்கிவைத்தார். அந்நாள் முதலாக இம்மண்ணை வெட்டித் திருத்திய கைகள் எத்தனையோ இம்மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன. ஆயினும், அக்குழிகளின் மேலுள்ள நிலம் நம்முடையதன்று. தோட்டம் கைமாறினால் இடுகாடும் கைமாறுகிறது. வேலி வந்துவிட்டால் பாட்டன் கிடக்கும் இடத்துக்கும் அனுமதி கேட்டே போகவேண்டும். எங்கே வைப்பது என்னும் கேள்வி, பிணம் கிடக்கும்போது கேட்கத்தக்க கேள்வியன்று.

சொல்லிக்கொண்டு போக வாய்ப்பே இல்லாதவர்களும் நம் முன்னோருள் இருந்தனர். ஜப்பானியர் காலத்திற் சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கு மேற்பட்ட கூலியாட்கள் கொண்டுபோகப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். 1943ஆம் ஆண்டு அக்டோபரிற் பாதை முடிந்தபோது, காட்டிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையானவர் பல்லாயிரவர். அவர்களுக்கு வாய்க்கரிசி இல்லை, கொள்ளி இல்லை, குழிக்கு மேலே பெயரும் இல்லை. 2023ஆம் ஆண்டிலேதான் காஞ்சனபுரியில் அவர்கள் நினைவாக ஒரு நடுகல் எழுந்தது. அவர்கள் கேட்டும் பெறமுடியாத ஒன்றை, ஒரு தாளிலே எழுதிப் பெறக்கூடிய நாம், சகுனத்துக்கு அஞ்சி விட்டுவிடுகிறோம்.

இனி, நாம் செய்த குற்றத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு தைப்பொங்கல் கழிந்த ஓரிரவில் தாயார் ஒரு பழைய மைலோ டின்னைக் கொண்டுவந்து நம் முன் வைத்தார். அதற்குள்ளே துணியிற் கட்டிய 3,400 வெள்ளி இருந்தது. "தம்பி, ஒரு தாளை எடு. எனக்கு என்ன செய்யணும்னு சொல்றேன், எழுதிக்க" என்றார். தந்தையாரின் கதையெல்லாம் நெஞ்சிலே கிடக்கவும், நம் வாயில் வந்த சொல் என்ன? "அச்சானியமா எதுக்கும்மா பேசுறீங்க?" என்பதே! அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "உங்கப்பாவைக் கேட்காமத்தானே அனுப்பினீங்க? என்னையாச்சும் கேட்டு அனுப்புங்க" என்றார். நாம் எழுந்து வெளியே போய்விட்டோம்.

பத்து நாட் சென்று ஒரு தாளை நம் கையிற் கொடுத்தார். அடுத்த வீட்டில், தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுமியை அழைத்து உட்காரவைத்து எழுதச் செய்திருக்கிறார்! ஆங்கிலம் படித்த மகன் எழுத மறுத்ததை, பத்து வயதுக் குழந்தை பென்சிலால் எழுதியிருந்தாள். தம்மை எரிக்கவேண்டும், சாம்பலைக் கடலிற் கரைக்கவேண்டும், டின்னிலுள்ள பணத்துக்கு மேலே ஒரு காசும் கடன் வாங்கக்கூடாது, குடி கூடாது, வந்தவர்களுக்குக் கோப்பியும் பலகாரமும் கொடுக்கவேண்டும், மகனோடு மகளும் சேர்ந்து கொள்ளி வைக்கவேண்டும், பேரப்பிள்ளைகள் மூன்றாம் நாளே பள்ளிக்கூடம் போகவேண்டும், மருமகளைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது. கடைசி வரி நம்மைத் தலைகுனியச் செய்தது. தமக்கு நேர்ந்த அவமானம் இன்னொருத்திக்கு நேரக்கூடாதென்று அவர் எண்ணியிருக்கிறார்.

அன்றிரவே நாமும் நம் மனைவியாரும் உட்கார்ந்து ஆளுக்கொரு தாள் எழுதினோம். அரைமணி நேரத்துக்கு மேலாகவில்லை. எழுதியதால் இருவரில் ஒருவருக்கேனும் காய்ச்சல்கூட வரவில்லை.

தோழர்களே! செய்யவேண்டுவன மிகச் சிலவே. சேமநிதியில் வாரிசு யார் என்பதை ஒருமுறை பாருங்கள். வீடோ நிலமோ உடையவர் உயில் எழுதுக. 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, 18 வயதானவர் எழுதலாம். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையொப்பமிடவேண்டும். சொத்துப் பெறுகிறவரும், அவருடைய கணவனோ மனைவியோ ஆகியவரும் சாட்சியாகக் கூடாது. ஆனால் அவருக்கு எழுதியது செல்லாது. உயிலின்றி இறந்தவரின் சொத்து 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பிரியும்: மனைவி, மக்கள், பெற்றோர் மூவரும் இருப்பின் மனைவிக்குக் காற்பங்கும், மக்களுக்கு அரைப்பங்கும், பெற்றோருக்குக் காற்பங்குமாம். மனைவிக்கே முழுதும் என்று வாயாற் சொல்லிப் போவதாற் பயனில்லை. தம் உடலை மருத்துவக் கல்விக்குக் கொடுக்க விரும்புகிறவர், 1974ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருவதால், எழுதிவைக்கலாம். மேற்கு வங்கத்தில் நெடுங்காலம் முதலமைச்சராயிருந்த ஜோதி பாசு 2010இல் இறந்தபோது அவருடல், அவர் விருப்பப்படியே, மருத்துவக் கல்விக்கு அளிக்கப்பட்டது.

ஒன்றை மறவாதீர். அடக்கத்தைப் பற்றிய விருப்பத்தை உயிலுக்குள் மாத்திரம் எழுதிப் பூட்டிவைக்க வேண்டாம். உயிலைத் திறக்குமுன் உடல் எரிந்துவிடும். தனித்தாளில் எழுதி, வீட்டார் எல்லோரையும் உட்காரவைத்து உரக்கப் படியுங்கள். ஆண் பெண் இருவரும் கேட்கட்டும், பிள்ளைகளும் கேட்கட்டும். தாளைவிட, கேட்ட காதுகளே அன்றைக்கு உதவும்.

தாயார் இன்றும் நலமாக இருக்கிறார். காலையிற் கொல்லைக்குப் போய்க் கீரை பறிக்கிறார். கோப்பியிற் சீனி குறைந்தால் நம்மோடு சண்டையிடுகிறார். அந்தத் தாள் மைலோ டின்னில், பணத்தோடு பணமாக இருக்கிறது. சென்ற வாரம் அதை எடுத்து ஒன்று திருத்தச் சொன்னார். இம்முறை நாமே எழுதினோம். பலகாரத்தில் வடையும் இருக்கவேண்டுமாம்.

வாசகர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு முதியோர் அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருங்கள். அவர் சொல்ல வந்ததை நாம் தடுத்ததுபோற் தடுக்காதீர்கள். ஒருகால் அவர் வாயெடுக்கத் தயங்குவாராயின், முதலில் உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள். நாமனைவரும் ஒருநாள் போகிறவர்களே, சொல்லிக்கொண்டு போவோமாக.