ஐந்தில் இரண்டு

கற்பித்தல் பயிற்சிக்குப் போன முதல் வாரம். ஏழாம் வகுப்பில் கணக்குப் பாடம் முடித்துவிட்டு வெளியே வந்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடவேளை முழுக்கக் கோடு கிழித்துக்கொண்டிருந்த வழிகாட்டி ஆசிரியர் ஒரு துண்டுத்தாளை என் கையில் கொடுத்தார். குரலைப் பற்றியோ கரும்பலகைக் கையெழுத்தைப் பற்றியோ ஏதாவது எழுதியிருப்பார் என்று நினைத்தேன். இரண்டே வரி இருந்தது. கேட்ட கேள்வி 31. நீயே பதில் சொன்னது 19.

"மீதி பன்னிரண்டு சார்?"

"முதல் பெஞ்சுல ஒரு பொண்ணு இருக்காளே, அவ சொன்னா. நீ வராட்டியும் அவளுக்குத் தெரியும்மா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்லூரியில் 'வினா கேட்கும் திறன்' என்பதில் நல்ல பெயர் வாங்கியவள் நான். நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கி, இந்தியாவில் பி.எட். படித்த எல்லாருடைய தலையிலும் வந்து உட்கார்ந்த முறை அது. ஒரே ஒரு திறனை எடுத்து, 6 நிமிடம் பாடம் நடத்த வேண்டும். 6 நிமிடம் விமர்சனம் கேட்க வேண்டும். 12 நிமிடத்தில் திருத்தி, இன்னொரு குழுவுக்கு மறுபடி 6 நிமிடம் நடத்தி, மறுபடி 6 நிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மொத்தம் 36 நிமிடம். மாணவர்களாக உட்கார்ந்திருப்பது சக தோழிகள்தான். புடவை கட்டிய எட்டுப் பேர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்போம். கேள்வி வாயை விட்டு இறங்குவதற்குள் சரியான பதில் வந்துவிடும். தோழிக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கட்டும் என்பது ஒரு காரணம். சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்பது இன்னொன்று. கவனிப்பவர் கையில் இருந்த படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு டிக். கேள்வி கூடக்கூட டிக்கும் கூடும். அப்படித்தான் படபடவென்று கேட்கக் கற்றுக்கொண்டேன்.

அந்த 36 நிமிடங்களை வீண் என்று சொல்ல மாட்டேன். பலகையைப் பார்த்துப் பேசாமலிருக்கவும், கீச்சிடும் சாக்பீஸை ஒடித்துப் பாதியாக்கி எழுதவும் அங்கேதான் பழகினேன். ஆனால் பதில் தெரியாத பிள்ளை ஒன்றுகூட அந்த அறையில் இல்லை. அப்படி ஒரு பிள்ளையை முதன்முதலாகச் சந்தித்தது இரண்டாம் ஆண்டில், 16 வாரம் பள்ளிக்கு அனுப்பப்பட்டபோதுதான். எங்கள் படிப்பு 2015இல் இரண்டாண்டு ஆக்கப்பட்டதன் பெரிய லாபம் இந்த நீண்ட பள்ளிக்காலம் என்பது என் கட்சி. "எங்க காலத்துல ஒரு வருஷத்துல எல்லாம் முடிஞ்சிடும்" என்று சார் சொல்வார். அதில் பெருமையா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாது.

இத்தனைக்கும், கேள்விக்குப் பின் காத்திருப்பதைப் பற்றி நான் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து 1970களில் செய்த ஆய்வு அது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். இதை ஒரு பக்கத்துக்கு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். வகுப்பில் நின்றபோது அந்த ஒரு பக்கம் எங்கே போனதோ தெரியவில்லை.

மூன்று நொடி என்பது சொல்வதற்குத்தான் சின்னது. மின்விசிறியின் கடகடப்பு கேட்கும். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது கேட்கும். 42 ஜோடிக் கண்கள் நம்மையே பார்க்கும். கேள்வி புரியவில்லையோ, நான் சொல்லித்தந்த லட்சணம் இவ்வளவுதானோ, கடைசி பெஞ்சில் சார் என்ன எழுதுகிறாரோ என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்தப் பயத்தை மூடத்தான் நானே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு உதவுவதாக வேறு நினைத்திருந்தேன்.

சார் ஒரு வழி சொன்னார். "கேள்வி கேட்டதும் சாக்பீஸைக் கொண்டுபோய் டப்பாவுல போடு. மூடியை மூடு. கையைத் துடைச்சுக்க. அப்புறம் திரும்பிப் பாரு." எந்தப் புத்தகத்திலும் இல்லாத உத்தி. டப்பாவை மூடுவதற்குள் நான்கைந்து நொடி ஓடிவிடும். கைக்கு வேலை இருப்பதால் வாய் சும்மா இருக்கும்.

டப்பாவை மூடத் தொடங்கிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, விகிதமுறு எண்கள் தொடங்கும்முன் முன்னறிவைச் சோதிக்க இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். மூடியை மூடிவிட்டுத் திரும்பினால், அதுவரை குரலே கேட்டிராத மூன்றாவது வரிசைப் பெண் எழுந்து நிற்கிறாள். "ஐந்தில் இரண்டு, டீச்சர்."

மேலேயும் மேலேயும் கூட்டு, கீழேயும் கீழேயும் கூட்டு. கணக்கு ஆசிரியர்கள் எல்லாரும் ஆயிரம் முறை பார்த்த தப்பு. 'தப்பு, உட்காரு, வேற யாரு?' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஏனோ, "எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

"முதல் டெஸ்ட்ல ரெண்டு மார்க்குக்கு ஒண்ணு எடுத்தேன். அடுத்த டெஸ்ட்ல மூணுக்கு ஒண்ணு. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டு. நீங்க அப்படித்தானே டீச்சர் கூட்டிப் போட்டீங்க?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் சொன்னது சரி. மதிப்பெண்ணை அப்படித்தான் கூட்டுகிறோம். பின்னத்தை மட்டும் ஏன் அப்படிக் கூட்டக்கூடாது? நல்லவேளை, மணி அடித்தது.

அன்றைக்கு பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அதே யோசனை. மதிப்பெண்ணில் மொத்தமே மாறுகிறது. இரண்டு மார்க் தாளும் மூன்று மார்க் தாளும் சேர்ந்து ஐந்து மார்க் தாளாகிவிடுகிறது. பின்னத்தில் முழுசு ஒன்றுதான். அதே ரொட்டியில் பாதி, அதே ரொட்டியில் மூன்றில் ஒரு பங்கு. மறுநாள் ஒரே நீளத்தில் காகிதப் பட்டைகளை வெட்டிக்கொண்டு போனேன். பாதிப் பட்டையையும், ஐந்தாய் மடித்ததில் இரண்டு மடிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "டீச்சர், இது பாதியைவிடச் சின்னதா இருக்கு!" பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்? அந்தக் கேள்வியை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதன்பிறகு ஆறாக மடித்து மூன்றும் இரண்டும் ஐந்து, ஆறில் ஐந்து என்று வருவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதே வகுப்பில் ஒரு பையன். அம்மா சந்தையில் காய்கறிக்கடை போட்டிருந்தார். அவனிடம் கால் கிலோவும் அரை கிலோவும் எவ்வளவு என்றால், "முக்கா கிலோ" என்பான், இது ஒரு கேள்வியா என்கிற முகத்தோடு. நோட்டில் 1/4 + 1/2 எழுதிக் கொடுத்தால் 2/6 என்று போடுவான். இரண்டும் ஒரே கணக்கு என்பதே அவனுக்குத் தெரியாது. தப்பு அவனுடையதில்லை. நாங்கள் வகுப்பில் 'ஒன்று பை நான்கு' என்றே படித்துப் பழக்கியிருந்தோம். அப்படிப் படித்தால் கோட்டுக்கு மேலே ஒரு எண், கீழே ஒரு எண், இரண்டு தனித்தனி ஆட்கள். 'நாலில் ஒன்று' என்றால், முதலில் நாலாகப் பிரி, பிறகு ஒன்றை எடு என்ற வேலை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கால், அரைக்கால், மாகாணி, முந்திரி என்று 320இல் ஒன்று வரைக்கும் பெயர் வைத்த மொழியில் பின்னத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றால் எங்கோ நாம்தான் வழி மாறியிருக்கிறோம். 'பை'யை அன்றோடு விட்டேன். பையன் தேறினானா என்றால், கூட்டலில் தேறினான். கழித்தலில் இல்லை.

பாடத்திட்டப் பதிவேட்டில் 'ஆசிரியர் செயல்பாடு', 'மாணவர் செயல்பாடு' என்று இரண்டு பத்திகள் இருக்கும். இரண்டாவதில் நாங்கள் எல்லாரும் சரியான பதிலை மட்டுமே எழுதுவோம், அதுவும் பாடம் நடத்துவதற்கு முந்தின இரவே. என்ன தப்பு வரும், ஏன் வரும் என்பதற்கு அதில் இடமே கிடையாது. நான் ஓரத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தேன்.

செய்முறைத் தேர்வுக்கு 'கமிஷன்' என்கிற தேர்வாளர் குழு வந்த நாளில் கேள்வி கேட்டேன், சாக்பீஸை டப்பாவில் போட்டேன், மூடியை மூடினேன். அமைதி. வாசலில் நின்ற எங்கள் விரிவுரையாளர் 'சொல்லிவிடு' என்று கையை ஆட்டினார். சொல்லவில்லை. ஒரு பையன் எழுந்து தப்பான பதில் சொன்னான். எப்படி வந்தது என்று அவனைப் பலகைக்கு வரவழைத்துக் கேட்டதில் மூன்று நிமிடம் போயிற்று. மதிப்பீட்டுப் பகுதிக்கு நேரமில்லாமல் போயிற்று. தேர்வாளர் பாடத்தை முடிக்காததைக் குறித்துக்கொண்டார். மதிப்பெண் சுமார்தான்.

பதிவேட்டைக் கல்லூரியில் ஒப்படைக்கும்முன் பென்சில் குறிப்புகளை ஒரு 80 பக்க நோட்டில் பெயர்த்து எழுதிவிட்டு, ஓரங்களை அழித்துக் கொடுத்தேன். நோட்டு இன்னும் இருக்கிறது. அதில் பல தப்புகளுக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. ஒரு பெண் 6இலிருந்து 6 போனால் 0 என்று எழுதுவாள். 7இலிருந்து 7 போனால் மட்டும் 7 என்று எழுதுவாள். இரண்டு முறை கேட்டேன், சிரித்துவிட்டாள். மூன்றாவது முறை கேட்பதற்குள் 16 வாரம் முடிந்துவிட்டது.